ரெகுலேட்டரை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு

அன்புள்ள கோமதி,

போன வாரம் நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். காரில் ஏறும்போது, "என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாய். முழங்கால் வலி என்றேன். அது பொய். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் நகல் உனக்குக் கூரியரில் வரும். இதையே நம் மாவட்டத்தில் வெளிவரும் வார இதழ் ஒன்றுக்கும் அனுப்பியிருக்கிறேன். அச்சிடச் சம்மதித்திருக்கிறார்கள். அம்மா மகளுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். ஊர் படிக்க வேண்டும் என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார், கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. உன் அப்பாவின் பெயருக்கும் இதனால் ஒரு குறை வரும். அவர் போய் எட்டு வருடமாகிறது, எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. ஆகவே அவருடைய பங்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதப் பார்க்கிறேன்.

நீ வந்த மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ ஒரு பொறியாளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாய். எங்கோ வடக்கே, ஒரு கம்பெனியின் நீரேற்று நிலையங்களுக்குப் போகும் நீண்ட மின்கம்பிப் பாதைக்கு ஷார்ட் சர்க்யூட் கணக்கு. வருகிற வெள்ளிக்கிழமை நீ கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சந்தேகம் கேட்டார். நீ, "அந்த ரெகுலேட்டரை விடுங்க சார். அது ஒண்ணும் பெருசா மாத்தாது. பூஜ்யம்னு வச்சிட்டுப் போங்க" என்றாய். நான் இட்லித் தட்டோடு உன் பின்னால் நின்றிருந்தேன். "சின்ன எண்ணுக்கும் விட்டுட்டியா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். நீ திரும்பிச் சிரித்தாய். "நீ இன்னும் அந்தக் கணக்கையெல்லாம் மறக்கலையா? இப்ப எல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கிடும்மா" என்றாய். அந்தச் சிரிப்பும் அந்தக் குரலும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை, கோமதி. அவை என்னுடையவை. நான் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மின்சாரம் படிக்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலோ அறுந்து விழுந்தாலோ, அந்தப் பாதையில் திடீரென்று பெருமளவு மின்சாரம் பாயும். எவ்வளவு பாயும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இரண்டு எண்கள் வேண்டும். பெரிய எண், சுவிட்சுகள் அந்த அடியைத் தாங்குமா என்று பார்க்க. சின்ன எண், பாதையின் கடைசி முனையில் உரசினாலும் ஃபியூஸ் கம்பி உருகி மின்சாரத்தை நிறுத்துமா என்று பார்க்க. நீண்ட பாதையில் போகப்போக மின்னழுத்தம் குறையும். அதைச் சரிக்கட்ட நடுவழியில் ஒரு பெட்டி வைப்பார்கள், அதுதான் ரெகுலேட்டர். தேவைப்பட்டால் ஏற்றிக் கொடுக்கும், அதிகமானால் இறக்கிக் கொடுக்கும். அதற்குள் இருக்கும் சுருள்கள் பாய்கிற மின்சாரத்தைச் சற்றுத் தடுக்கவும் செய்யும். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் இந்தத் தடை மிகக் குறைவு என்பதால் கணக்கில் விட்டுவிடுவது வழக்கம். பெரிய எண்ணைப் போடும்போது விட்டால் ஆபத்தில்லை, நாம் கூடுதலாகத்தான் பயந்திருப்போம். சின்ன எண்ணைப் போடும்போது விட்டால், இல்லாத மின்சாரத்தை இருப்பதாக எழுதி, உருகாத ஃபியூஸ் உருகும் என்று உறுதி கொடுக்கிறோம்.

அந்த உறுதியை நான் ஒரு முறை கொடுத்தேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு.

உன் அப்பா தனியாக மின் வேலைகள் எடுத்துச் செய்தவர். வெயிலில் பாதை அளப்பார், கம்பம் பார்ப்பார், ஆட்களோடு கம்பத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். காகிதத்தில் உட்கார்ந்து கணக்குப் போடப் பொறுமை கிடையாது. கணக்கெல்லாம் நான்தான். கான்வென்ட்டில் படித்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவளுக்கு அந்தத் தாள்கள் எவ்வளவு பெரிய கௌரவம் என்று உனக்குத் தெரியாது. ஒரு அடித்தல் இருந்தாலும் சிஸ்டர்கள் எங்களைத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வார்கள். நான் அதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தேன். என் கணக்குத் தாளைப் பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று உன் அப்பா வாடிக்கையாளர்களிடம் காட்டிப் பெருமைப்படுவார். அவர்கள் தாளைப் பார்க்கும்போது நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நிற்பேன்.

கொற்கைக்குக் கிழக்கே ஒரு தனியார் உப்பளம் இருந்தது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். வாழைத்தோட்டங்களையும் பனங்காட்டையும் தாண்டி, அவர்களுக்கென்று ஒரு நீண்ட மின்பாதை போனது. நடுவில் ஒரு பழைய ரெகுலேட்டர். எங்கிருந்தோ கழற்றிக்கொண்டு வந்து வைத்தது. அந்தக் காலத்து மாதிரி என்பதால் அதன் தடை கொஞ்சநஞ்சமல்ல. மோட்டார்கள் கிளம்பும்போதெல்லாம் ஃபியூஸ் உருகி வேலை நிற்கிறது என்பது உப்பள முதலாளியின் புகார். அதைவிடத் தடித்த கம்பி போட வேண்டும், ஆனால் கடைசி முனையில் கம்பிகள் உரசினால் அது உருகவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடம் மிகக் குறுகலாக இருந்தது. நான் நான்கு பக்கம் கணக்குப் போட்டுப் பதினெட்டாம் கேஜ் கனத்தில் கம்பி போடலாம் என்று முடித்தேன்.

உப்பளத்து எலக்ட்ரீஷியன் முத்தையா அந்த அளவை வாங்கிப்போக நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா தூத்துக்குடி போயிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்த மனிதர். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே நின்றபடியே, தலைகீழாக இருந்த படத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? பனங்காட்டுப் பக்கம் அந்த ரெகுலேட்டர் பெட்டி நிக்குல்லா, அது இந்தப் படத்துல இல்லியே."

"அது தேவையில்லை."

"இல்லம்மா, மோட்டார் ஓடயில அது ஏத்திக் குடுக்கும், மோட்டார நிப்பாட்டுனா தாத்திக் குடுக்கும். உள்ள எம்புட்டுச் சுருளு கெடக்கு. கரண்டு அதத் தாண்டித்தான வரணும்?"

"கணக்குப் படிச்சது நானா, நீயா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் அஞ்சாங் கிளாசும்மா. நீங்கதான்."

மேசையின் மறுபக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீயும் சிரித்தாய். நான் உன்னைக் கண்டிக்கவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி என்பது அந்த நிமிடமே என் மூளையில் எங்கோ தட்டியது. ஆனால் அந்தப் பெட்டியைச் சேர்த்தால் நான்கு பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும். அதுவும் ஐந்தாம் வகுப்புப் படித்தவர் சொல்லி. ஒரு துண்டுச் சீட்டில் 'பதினெட்டாம் கேஜ்' என்று எழுதி நீட்டினேன். அவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆடிக் காற்று உனக்குத் தெரியும். அந்த ஆடியில் ஒரு மத்தியானம், மோட்டார்களை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பாட்டுக்குக் கலைந்த நேரம், பாதையின் கடைசிக்கு அருகே ஒரு கம்பி பக்கத்துக் கம்பியோடு பின்னிக்கொண்டு வரப்புமேல் தாழ்ந்து தொங்கியது. மோட்டார்கள் நின்றிருந்ததால் ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை இறக்கி வைத்திருந்தது. என் தாள் சொன்ன அளவு மின்சாரம் அந்த ஃபியூஸ் வழியாகப் பாயவில்லை. அது உருகவில்லை. தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்தக் கம்பியில் பட்டாள். முத்தையா கூச்சலைக் கேட்டு ஓடிப்போய் கம்பத்து சுவிட்சைக் கையால் இழுத்து நிறுத்தினார். அதற்குள் அவளுடைய வலது கை முழங்கை வரை கருகிவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து கையை எடுத்தார்கள். அவள் பெயர் பேச்சி. அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முத்தையாவின் மனைவி.

மூன்றாம் நாள் உன் அப்பா கையில் ஒரு காகிதத்தோடு அடுக்களைக்கு வந்தார். அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார், எத்தனையோ அடித்தல் திருத்தலோடு. "நீ ரெகுலேட்டரச் சேர்க்கல" என்றார். புத்தகத்தில் விடலாம் என்றுதான் இருக்கிறது என்றேன். "பெரிய எண்ணுக்கு விடலாம். சின்ன எண்ணுக்கு?" என்றார். இரண்டு நாளில் உப்பளத்தில் விசாரணை, அங்கே உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் நான் இந்தக் கடிதத்தில் எழுதவே கை கூசுகிற வார்த்தைகளைச் சொன்னேன். "உங்க லைசென்ஸ் போயிரும். நாளைக்கு யாரு உங்களுக்கு வேலை தருவா? கோமதியப் படிக்க வைக்க வேண்டாமா?" அதோடும் நிறுத்தவில்லை நான். "ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிச்ச கம்பியச் சுத்தி வைக்கது எல்லா எடத்துலயும் நடக்குததுதான? முத்தையாவும் அப்படி வச்சிருப்பாருன்னுதான் யாரும் நெனைப்பாங்க" என்றேன். அன்று சாயங்காலம், அதுவரை வீட்டிலேயே இருந்த அந்த நான்கு பக்கத்தையும் புதிதாக எழுதினேன். கேஜில் எண் கூடினால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம். பதினெட்டு இருந்த இடத்தில் இருபது என்று எழுதி, அதற்கு ஏற்ப மற்ற எண்களையும் மாற்றினேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. உன் அப்பா அந்தத் தாளைக் கொண்டுபோய் விசாரணையில் கொடுத்தார்.

அங்கே நடந்ததை அவர் ஒரே ஒரு முறை எனக்குச் சொன்னார். உப்பளத்து ஆட்கள் எல்லோரையும் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி ஃபியூஸ் கம்பியை அளக்கச் சொன்னார். பதினெட்டு. தாளைப் பார்த்தார். இருபது.

"ஏலே முத்தையா, தாள்ல இருபதுன்னுல்லா போட்டிருக்கு?"

"மொதலாளி, அம்மா எனக்கு எழுதிக் குடுத்தது பதினெட்டு."

"சீட்டு எங்கலே?"

"பம்பு ரூம்புல வச்சேன். உப்புத் தண்ணி பட்டு அழிஞ்சு போச்சு. சார்வாள்ட கேளுங்க. சார், நீங்க சொல்லுங்க சார்."

உன் அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் செய்தது அவ்வளவுதான். அதைச் செய்ய வைத்தவள் நான். அன்றே முத்தையாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். 'பொண்டாட்டி கையத் தின்னவன்' என்று உப்பளத்தில் அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. டீக்கடையில் அவர் காதுபடவே சொல்வார்களாம். உன் அப்பா அவருக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுக்கப் போனார், அவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு உன் அப்பா ஒரு கணக்கைக்கூட என்னிடம் தரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நீ ஒரு நாள் அப்பாவிடம், "அம்மா ஏன் இப்பல்லாம் கணக்குப் போட மாட்டேங்கா?" என்று கேட்டாய். கண் சரியில்லை என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை நான்.

உன் கார் தெருமுனை திரும்பியதும் எனக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் காலை ஒரு வாடகைக் கார் பிடித்துப் போனேன். கொற்கையில் இறங்கி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். முத்தையாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடமாக இருக்கிறார். பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் நின்று அவர் அவளுக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீப்பை வைத்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "முத்தையா அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் முறை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு, இருபது, புதிய தாள், எல்லாம்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு எதுக்கும்மா சொல்லுதிய?" என்றார். "நான் என்ன கம்பி போட்டேன்னு எனக்குத் தெரியாதா? அந்தா இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க."

பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இவரு போட்டது சரியான கம்பியா?"

"நான் எழுதிக் கொடுத்த கம்பி."

"சுத்தி வளைக்காதீங்கம்மா. இவரு மேல குத்தம் உண்டா, இல்லியா?"

"இல்லை."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீரு ஏன் சொல்லல?"

"சொன்னேம்ளா. ஆசுபத்திரியில வச்சே சொன்னேன். நீ அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்ட."

"ஒருக்கத்தான சொன்னீரு."

"ஒருக்கச் சொல்லி நம்பாதவ ஒம்பது தடவ சொன்னா நம்பிருவியாக்கும்?"

பாதி பின்னிய தலையை இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "அன்னையிலருந்து எனக்குத் தல பின்னி விடுதாரு. சோறு பொங்கிப் பிசைஞ்சு கையில தருதாரு. குத்தஞ் செஞ்சவன் செய்யுதான்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன். நல்லாருக்குன்னு ஒரு நா சொன்னதில்லம்மா நான். ஒரு நா சொன்னதில்ல" என்றாள்.

கோமதி, கை போனதற்கு நான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தைத் தெரிந்தேதான் சுமந்தேன். என் இருபது என்ற எண் அந்த வீட்டுக்குள் போய்த் தினமும் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பேச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அன்னைக்கு அத்தன சனத்துக்கு முன்னால வச்சு இவரக் குத்தஞ் சொன்னாவ. நீங்க எங்க நடையில வந்து நின்னு சொல்லுதிய. சனத்துக்கு யாரு சொல்லுவா? பேப்பர்ல போடுங்க" என்றாள். சரி என்றேன். "அப்பக் கெளம்புங்க. எனக்கு இவருகிட்டப் பேச வேண்டியது நெறைய இருக்கு" என்றாள். நான் காருக்கு நடந்தேன். முத்தையா வழியனுப்ப எழுந்தார், அவள் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எனக்கு எழுபத்தாறு வயது. நிம்மதி கிடைத்துவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன், கிடைக்கவில்லை. நீ கையெழுத்திடப்போகும் தாளில் ரெகுலேட்டரைச் சேர்த்தால் எண் மாறாமலே போகலாம். உன் படிப்பு பெரிது, உன் ரெகுலேட்டரும் புது மாதிரியாக இருக்கும். மாறவில்லையென்றால் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை என்று எழுது. போடாமல் எழுதாதே. அது இறக்கி வைத்திருக்கும் நிலையில் சின்ன எண் என்ன என்று தனியாகப் பார். தொலைபேசியில் சந்தேகம் கேட்டாரே, அவரை நீயே கூப்பிட்டு, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி என்று சொல். அதைச் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருக்கும். நான் வளர்த்த பெண் நீ, எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்தபின் உன் அப்பாவைப்பற்றி என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் வா. வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டாம், அந்த வேலையை முடித்துவிட்டு வா.

இனி இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு, குறிப்பாக அன்று அந்தக் கொட்டகையில் நின்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்: முத்தையா தடித்த கம்பி எதையும் மாற்றி வைக்கவில்லை. ரெகுலேட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று முன்கூட்டியே கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தவளும், பிறகு இருபது என்று மாற்றி எழுதியவளும் நான்.

உன் அம்மா